ஏழு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த ஆட்டம்

அமெரிக்கா வந்து முதல் சில வருடங்கள் இவர்களுடைய ஃபுட்போல் எனக்குப் பிடிபடவேயில்லை. காலால் உதைக்காத விளையாட்டுக்கு ஏன் இந்தப் பெயர் என்ற பழைய பகிடியை நானும் எத்தனையோ பேரிடம் விட்டிருக்கிறேன். கிறிக்கெற் பார்த்து வளர்ந்தவனுக்கு இது நாலு செக்கன் அடிபாடு, பிறகு நாற்பது செக்கன் சும்மா நிற்கிறது போலத்தான் இருந்தது. அந்த நாற்பது செக்கனுக்குள்தான் விளையாட்டின் பாதி நடக்கிறது என்று விளங்க எனக்கு 2016 வரை சென்றது. விளக்கினவன் என்னுடைய மகன். அப்போது அவனுக்கு ஏழு வயது.

அந்த நேரம் நான் எடிசனில், ஓக் ட்ரீ வீதியில், ஒரு இந்தியச் சாப்பாட்டுக்கடையில் கறி அடுப்பில் நின்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவிக்கும் வேலை. பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. முதலாளி நல்ல மனிசன். சாப்பாடு நீட்டுகிற யன்னலுக்குப் பக்கத்து மேசையில் அவனை இருத்திவைக்க விட்டார். அந்த மேசைக்கு நேரே ரீவி. மாரிகாலம் முழுக்க ஞாயிறு மத்தியானம் அதிலே நியூயோர்க் ஜயன்ற்ஸ் ஆட்டம் போகும். (பெயர்தான் நியூயோர்க். 1976இலிருந்து அவர்கள் விளையாடுவது எங்களுடைய நியூ ஜேர்சியில், ஈஸ்ற் ரதர்ஃபோர்டில். பெயர் அவர்களுக்கு, வாகன நெரிசல் எங்களுக்கு.)

ஒரு நாள் நான் வெங்காயம் வதக்கிக்கொண்டு நிற்க, யன்னலுக்கு அங்கால இருந்து இவன் சொல்லுகிறான்.

"அப்பா, இப்ப ரண்."

பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இரண்டு யார் கூட இல்லை.

"இப்ப பாஸ்."

எறிந்தார்கள்.

"திருப்பியும் பாஸ்."

எறிந்தார்கள். விழுந்தது. பந்து மற்றப் பக்கம் போய்விட்டது.

நான் கரண்டியை வைத்துவிட்டு யன்னலடிக்கு வந்தேன். பத்துக்கு ஏழு தடவை பெடியன் சரியாகச் சொன்னான். "எப்பிடியடா தெரியும்?" என்றேன். "ஈலாய் கிட்ட நிண்டா ரண். தள்ளி நிண்டா பாஸ்" என்றான். ஈலாய் மானிங் பந்து கொடுப்பவனுக்கு நேர் பின்னால் ஒட்டி நின்றால் ஓட்டம், நாலைந்து யார் தள்ளி நின்றால் எறி. அவ்வளவுதான் அவனுடைய சூத்திரம்.

பாத்திரம் கழுவுகிற மெக்சிக்கோக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரும் அவரை அமீகோ என்றுதான் கூப்பிடுவோம். 2012 பெப்ரவரியில் ஜயன்ற்ஸ் சுப்பர் போலில் நியூ இங்கிலண்டை 21-17 என்று வென்றபோது வாங்கின தொப்பியை அவர் தலையிலிருந்து கழற்றி நான் கண்டதில்லை. அவர் மகனைப் பார்த்தார், ரீவியைப் பார்த்தார், பிறகு பாதி ஸ்பானிஷிலும் பாதி ஆங்கிலத்திலும் சொன்னார்: "இந்தக் குஞ்சனுக்குத் தெரியுதெண்டால் டலசுக்குத் தெரியாதா?"

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பத்து யார் முன்னேற நாலு சந்தர்ப்பம். ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் முதல், கரையில் நிற்கிற கோச் எந்தப் பிளே என்று தீர்மானித்து, குவார்ட்டர்பக்கின் தலைக்கவசத்துக்குள் இருக்கிற வானொலி மூலம் சொல்லுவார். மணிக்கூட்டில் 15 செக்கன் மிச்சம் இருக்கும்போது அந்த வானொலி நின்றுவிடும். எதிரே நிற்கிற பதினொரு பேரும் அந்த நேரத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டியது முதலில் ஒன்றுதான்: ஓடப்போகிறார்களா, எறியப்போகிறார்களா? அதை அரைச் செக்கன் முந்திக் கண்டுபிடித்தால் போதும். நூற்றைம்பது கிலோ மனிசர்கள் மோதுகிற இடத்தில் அரைச் செக்கன் என்பது பெரிய சொத்து.

அந்த வருடம் ஜயன்ற்ஸ் தலைமைக் கோச்சாக வந்தவர் பென் மக்கடூ. அதற்கு முதல் இரண்டு வருடம் தாக்குதல் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர். தலைமைக்கு வந்த பிறகும் பிளேக்களைத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் கையில் வைத்திருந்த தாளைப் பற்றி ஊரெல்லாம் பகிடி. நியூ ஜேர்சி டைனர்களில் மேசைக்கு ஒன்று போடுவார்களே, பான்கேக்கிலிருந்து இறால் வரைக்கும் இருக்கிற மெனு, அந்தளவு பெரிய தாள். சாப்பாட்டுக்கடைக்காரன் எனக்கு அந்தப் பகிடி நல்லாய்ப் பிடித்தது. ஏனென்றால் பெரிய மெனுவும் சிறிய சமையலும் எங்களுக்குத் தெரிந்த விசயம்.

தாள் அவ்வளவு பெரிது. மைதானத்தில் இறங்குகிற ஆட்களோ மாறுவதேயில்லை. ஒரு ரன்னிங் பக், ஒரு ரைற் என்ட், மூன்று ரிசீவர். இதை இவர்கள் '11' என்று சொல்லுவார்கள் (பதினொன்று அல்ல, ஒன்று-ஒன்று: ஒரு ரன்னிங் பக், ஒரு ரைற் என்ட்). எல்லா அணிகளும் இதைப் பாவிப்பதுதான். ஆனால் 2016இல் ஜயன்ற்ஸ் பத்தில் ஒன்பது தடவைக்கும் மேல் இதே ஆட்களோடுதான் நின்றார்கள். எதிரணி தன்னுடைய ஆட்களை மாற்றவேண்டிய தேவையே இல்லை. முன்னுக்கு நிற்பவர்களுக்கு இடித்துத் திறக்கிற வலு குறைவு என்பதால் ஓட்டத்துக்கு யாரும் பயப்படவில்லை. இரண்டு பேரைப் பின்னுக்குத் தள்ளி நிறுத்திவிட்டால் நீளமான எறியும் இல்லை. மிச்சம் இருந்தது ஓடெல் பெக்கமுக்குக் குறுக்காக எறிகிற சின்ன எறி ஒன்று.

அந்த ஒன்றே சில நாட்களில் போதுமாக இருந்தது என்பதையும் சொல்லவேண்டும். 2016 ஒக்ரோபர் 16, போல்ரிமோருடன் ஆட்டம். கடைசி இரண்டு நிமிடத்துக்குள், நாலாவது சந்தர்ப்பம், ஒரு யார் தேவை, தோற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதே சின்ன எறி. பெக்கம் பிடித்துக்கொண்டு 66 யார் ஓடினான். 27-23. அமீகோ கையில் இருந்த தட்டத்தைப் போட்டு உடைத்தார், முதலாளியும் பேசவில்லை.

என்னைக் கேட்டால் அந்த ஓட்டம்தான் அவர்களுக்குக் கேடாய் முடிந்தது. அந்த வருடம் 11 வெற்றி, 5 தோல்வி. வென்றுகொண்டிருக்கிற கடையில் யார் சமையலை மாற்றுவார்கள்? ஆனால் வெற்றியின் கணக்கை எடுத்துப் பாருங்கள். 16 ஆட்டத்தில் ஒன்றில் கூட 30 புள்ளி எடுக்கவில்லை. கூடியது 28. எடுத்தது மொத்தம் 310, விட்டது 284. விட்ட கணக்கில் முழு லீக்கிலும் இரண்டாவது குறைவு. அதாவது தடுத்தவர்கள் உழைத்த காசில் எறிந்தவர்கள் சாப்பிட்டார்கள். 2017 தை 8, கிறீன் பேயில் நொக்கவுட். முதலில் 6-0 என்று முந்தினார்கள். அரைநேரம் முடிகிற கடைசி எறியில் ஆரன் ரொட்ஜர்ஸ் வானத்துக்கு விட்ட பந்தை ரண்டல் கொப் பிடிக்க 14-6. பிறகு 38-13. பெக்கம் பிடித்தது நாலு, 28 யார். கைக்கு வந்ததையும் விட்டான் என்று எல்லோரும் அவனைப் பேசினார்கள். பேசலாம். ஆனால் பந்து எங்கே வரும் என்று மைதானத்தில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில் நின்று பிடிக்கிறவனின் பாட்டையும் யோசிக்கவேண்டும்.

அடுத்த வருடம் தடுப்பும் சரிந்தது. முதல் ஐந்து ஆட்டமும் தோல்வி. அதன்பிறகு மக்கடூ பிளே சொல்லுகிற வேலையை மைக் சலிவனிடம் கொடுத்தார். கொடுத்த உடனே டென்வரில் போய் 23-10 என்று வென்றார்கள். ஆனால் நேரம் கடந்துவிட்டது. 210 ஆட்டங்கள் தொடர்ச்சியாகத் தொடங்கின ஈலாய் மானிங்கை ஓக்லண்ட் ஆட்டத்தில் வெளியே இருத்தி, அதையும் தோற்று, அடுத்த நாளே, டிசம்பர் 4, 2017, மக்கடூவுக்கு வேலை போனது. அந்த வருடம் 3 வெற்றி, 13 தோல்வி.

டலஸில் எனக்கு ஒரு மச்சான் இருக்கிறான். கவ்போய்ஸ் பைத்தியம். ஜயன்ற்ஸ் தோற்கிற நாட்களில் தவறாமல் போன் எடுப்பான். இந்தக் கதையை அவனுக்குச் சொன்னபோது, "இதென்ன, நாங்கள் சிப் கெலிக்குச் செய்ததைக் கேள்" என்று தொடங்கினான். எனக்கும் நினைவிருந்தது. கெலி 2013இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்சுக்கு வந்தபோது எல்லோரையும் மூச்சுவாங்க வைத்தவர். கூடிக் கதைக்கிற நேரமே கிடையாது, ஒன்று முடிய உடனே அடுத்தது. 2013இலும் 2014இலும் பத்துப் பத்து வெற்றி. ஆனால் வேகமாக ஆடுவதற்குப் பிளேக்கள் குறைவாகவும் எளிமையாகவும் இருக்கவேண்டும். குறைவாக இருந்தால் படிப்பது சுலபம். ரன்னிங் பக் குவார்ட்டர்பக்கின் வலப்பக்கம் நின்றால் ஓட்டம் பெரும்பாலும் இடப்பக்கம், இடப்பக்கம் நின்றால் வலம். வீடியோ பார்க்கிறவர்களுக்கு அது போதும்.

2015 செப்ரெம்பர் 20, டலஸ் வந்து ஃபிலடெல்ஃபியாவில் விளையாடியது. அதற்கு முதல் வருடம் கவ்போய்சுக்காக 1,845 யார் ஓடி லீக்கில் முதலாவதாக வந்த டிமார்க்கோ மறே இப்போது ஈகிள்ஸில். பதின்மூன்று தரம் பந்தைக் கொண்டு ஓடினான். மொத்தம் 2 யார். ஆம், இரண்டு. அணி முழுக்கச் சேர்த்து 7 யார். டலஸின் ஷோன் லீ ஒவ்வொரு தடவையும் பந்து வருகிற இடத்தில் முதலே போய் நின்றான். 20-10. அந்த வருடம் முடிய முதல் கெலியை அனுப்பினார்கள். அடுத்த வருடம் சான் பிரான்சிஸ்கோ எடுத்தது: 2 வெற்றி, 14 தோல்வி, ஒரே வருடத்தில் அங்கேயும் சரி. ஃபிரீமொண்டில் இருக்கிற சிநேகிதன் ஒருவன் அந்த வருடம் காசு கொடுத்து மைதானத்துக்குப் போய்ப் பார்த்தவன். அதைப் பற்றிக் கேட்டால் இப்போதும் கதையை மாற்றுவான்.

எங்கள் ஆட்களுக்கு அஜந்த மென்டிஸைச் சொன்னால் விளங்கும். (எந்த அணிக்குக் கை தட்டுவது என்ற பழைய சண்டையை இங்கே தொடங்கவேண்டாம்.) 2008 கராச்சி, ஆசியக் கிண்ண இறுதியாட்டம், இந்தியாவுக்கு எதிராக 13 ஓட்டத்துக்கு 6 விக்கெற். விரலால் சுண்டி விடுகிற அந்தப் பந்து எந்தப் பக்கம் போகும் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடமே அதே ஆட்கள் அவரைச் சாதாரணமாக ஆடினார்கள். பந்து மாறவில்லை. பார்க்கிறவர்கள் படித்துவிட்டார்கள்.

இவ்வளவும் சொன்னபிறகு நானே எனக்கு ஒரு குறுக்குக் கேள்வி கேட்கவேண்டியிருக்கிறது. கலியாண ஓடருக்குச் சாப்பாடு ஏற்றிக்கொண்டு வடக்கே போகிற நாட்களில், நியூ ஜேர்சி ரேண்பைக்கில் கோப்பிக்கு நிறுத்துகிற இடத்தின் பெயர் வின்ஸ் லொம்பார்டி. மைதானத்திலிருந்து அவ்வளவு தூரமில்லை. லொம்பார்டி இந்தப் பக்கத்து ஆள்தான். 1940களில் இங்கிலவுட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு கோச்சாக இருந்தவர். பிறகு கிறீன் பேக்குப் போய் ஏழு வருடத்தில் ஐந்து தரம் சம்பியன். அவருடைய முக்கியமான பிளே ஒன்றேதான், சுவீப். அது வரும் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் நிறுத்தமுடியவில்லை. அப்படியானால் தெரிந்தால் என்ன?

ரேண்பைக்கில் கோப்பி குடித்துக்கொண்டு இதைக் கனதரம் யோசித்திருக்கிறேன். சுவீப்பை முழுதாகப் பார்த்தால் அதற்குள் ஒரு திறந்த கதவு இருக்கிறது. ரைற் என்ட் எதிராளியைத் தான் நினைத்த பக்கம் தள்ளுவதில்லை. அவன் எந்தப் பக்கம் போக விரும்புகிறானோ அந்தப் பக்கமே தள்ளிக்கொண்டு போவான். அவன் வெளியே போனால் ஓடுகிறவன் உள்ளே, உள்ளே வந்தால் வெளியே. பிளே தெரியும், ஆனால் ஓட்டம் எங்கே போகும் என்று ஓடுகிறவனுக்கே முதலே தெரியாது. அதைத் தீர்மானிப்பது எதிராளி. அவன் எதைத் தீர்மானித்தாலும் பிழை.

இதை எங்களுடைய சமையலறையிலேயே காட்டலாம். இந்தியச் சாப்பாட்டுக்கடையில் நாற்பது கறி இருக்கும். உள்ளே வந்து பார்த்தால் மூன்று பெரிய அண்டா. வெங்காயம் தக்காளிக் குழம்பு, கஜுவில் அரைத்த வெள்ளைக் குழம்பு, பட்டர் போட்ட சிவப்பு. எல்லாம் அதிலிருந்துதான். தொடக்கம் ஒன்று, கடைசிக் கரண்டியில் வேறாகும். சாப்பிடுகிறவருக்குக் கண்டுபிடிக்க வழியில்லை. 2018இல் லொஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் செய்தது இதைத்தான். ஷோன் மக்வேயும் கிட்டத்தட்ட மக்கடூ அளவுக்கே அந்த ஒன்று-ஒன்று ஆட்களைத்தான் இறக்கினார். ஆனால் ஓட்டமும் எறியும் முதல் இரண்டு அடி ஒரே மாதிரித் தொடங்கும். மூன்றாவது அடியில்தான் பிரியும். ஆட்டத்துக்குச் சராசரி 32 புள்ளிக்கு மேல், 13 வெற்றி. (அதையும் 2019 பெப்ரவரி 3 சுப்பர் போலில் பில் பெலிச்சிக் படித்துவிட்டார். 13-3. ராம்ஸ் எடுத்தது மூன்றே மூன்று. எந்தக் குழம்பையும் ஒருநாள் ஒருவன் நாக்கில் வைத்துப் பிரித்துவிடுவான்.)

மக்கடூ ஒரே அண்டாவை வைத்துக்கொண்டு ஒரே கறியை வேறு வேறு பெயரில் அனுப்பினார் என்பதுதான் எனக்கும் அவருக்கும் இருக்கிற பிணக்கு.

ஏன் இந்த விசயம் எனக்கு இவ்வளவு கொதி என்று மச்சான் ஒருநாள் கேட்டான். 2006இல் நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம். ஓகஸ்ட்டில் ஏ9 பாதை பூட்டுப்பட்டது. வெள்ளை வான் காலம். காலமை நான் சைக்கிளை எடுக்கும்போது அம்மா படலையடியில் நின்று ஒவ்வொரு நாளும் சொல்லுவா: "நேற்றுப் போன ஒழுங்கையால போகாதை. நேற்று வெளிக்கிட்ட நேரத்துக்கு வெளிக்கிடாதை." எனக்கு எரிச்சலாக இருக்கும். என்னோடு படித்தவன் ஒருவன் நேரம் தவறாதவன். அவன் சைக்கிள் போகிறதைப் பார்த்து மணிக்கூட்டைச் சரிசெய்யலாம் என்று சந்தியில் பகிடி பண்ணுவார்கள். ஒரே ஒழுங்கை, ஒரே நேரம். அதற்குமேல் எழுத விருப்பமில்லை. நான் படிப்பை அந்த வருடத்தோடு விட்டேன்.

இங்கே வந்து அகதி வழக்குப் போட்டபோது சட்டத்தரணி சொன்னது நேர் எதிர். ஒரே கதை, ஒரே ஒழுங்கு, ஒரே திகதி. மூன்று தரம் கேட்டாலும் மூன்று தரமும் ஒரே மாதிரி. ஒரு மாதம் பிசகினால் பொய் என்று எழுதுவார்கள். ஒவ்வொரு நாளும் பாதையை மாற்றி உயிர் தப்பி வந்தவனிடம், நீ எந்த நாள் எந்தப் பாதையால் போனாய் என்று கேட்கிறார்கள். இரவு முழுக்கப் பாடமாக்கினேன். அந்த மேசையில் எதிரே இருந்தவரும் என்னைப் படித்துக்கொண்டுதான் இருந்தார்.

இப்போது மகனுக்குப் பதினாறு. பள்ளிக்கூட அணியில் லைனில் நிற்கிறான், கார்ட். சனிக்கிழமைப் பகல் ஆட்டங்களுக்கு மட்டும் எனக்குப் போகமுடியும். அவர்களுடைய கோச்சுக்கும் ஒரு வியாதி: மூன்றாவது சந்தர்ப்பம், இரண்டு யார் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வலப்பக்கம் ஓட்டம். ஒரு ஆட்டத்தில் எதிரணிப் பெடியன் ஒருவன் பந்து எடுக்க முதலே மகனுடைய பக்கம் கையைக் காட்டிக் கத்தினான். நான் இருந்த படிக்கட்டு வரைக்கும் கேட்டது. தோற்றார்கள். அடுத்ததும் தோற்றார்கள்.

காரில் வரும்போது, "போய்ச் சொல்லன்ரா கோச்சிட்ட" என்றேன்.

"நான் சொல்லேலாது அப்பா. அவர் கோச்."

இது எனக்குப் புதிதில்லை. சிப் கெலியின் ஆட்டம் வளரவேயில்லை என்று பகிரங்கமாகச் சொன்னவர் இவன் Cின் இடத்தில் நின்ற ஈவன் மாதிஸ். அவரும் ஈகிள்ஸை விட்டுப் போனபிறகுதான் சொன்னார். லைனில் நிற்கிறவனுக்கு முதலே தெரியும், இடி அவனுக்குத்தானே விழுகிறது. பாதி சாப்பிட்டுத் திரும்பி வருகிற தட்டைப் பார்க்கிறவர் அமீகோ. மெனு எழுதுகிறவர் முதலாளி. அந்தக் கடையில் நான் நின்ற ஒன்பது வருடத்தில் மத்தியானச் சாப்பாட்டு வரிசையைப் பற்றி அமீகோ சொன்னதை நானும் முதலாளியிடம் கொண்டுபோகவில்லை. நல்ல மனிசன் என்று மேலே எழுதியிருக்கிறேன். கேட்டிருப்பார். எனக்குத்தான் வாய் வரவில்லை.

இதையும் மகனுக்குச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் வந்தான். செவ்வாய்க்கிழமைப் பயிற்சி முடிய, "சொன்னனான்" என்றான். "என்ன சொன்னவர்?" "எந்தப் பக்கம் கை காட்டினவங்கள் எண்டு கேட்டவர்."

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது சந்தர்ப்பம், இரண்டு யார். எல்லோரும் வலப்பக்கம் சரிந்தார்கள். எதிரணியும் முழுதாக வலப்பக்கம். குவார்ட்டர்பக் ஓடவிடுவதுபோல் காட்டி, திரும்பி, இடப்பக்கம் எறிந்தான். ரிசீவரின் இரண்டு கைக்குள்ளும் வந்த பந்து நழுவி விழுந்தது. அந்த ஆட்டமும் தோல்விதான்.

காரில் ஏறி, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டு சொன்னான்: "ஆனா தனிய நிண்டவன் அப்பா. பக்கத்தில ஒருத்தரும் இல்லை. ஒருத்தருமே இல்லை."